மச்சான் கொடுத்த பெரிய எஞ்சின்

ஜெரால்டைன்,
பிப்ரவரி மாதம், இங்கே கோடைக்காலம்.

மதிப்பிற்குரிய மச்சான் நெவில் அவர்களுக்கு,

தங்கள் தங்கை பெவர்லியின் கணவன் அலஸ்டர் பணிவுடன் எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் நலம். அவள் படுக்கையறையில் நலம், நான் படகுக் கொட்டகையில் நலம். திமாருவில் தாங்களும் தங்கள் ஆடுகளும் நலமே என்று கேள்விப்பட்டேன். எப்படித்தான் முடிகிறதோ, தெரியவில்லை.

போன சனிக்கிழமை நடந்த கூத்தை அங்கே பீர் கடையில் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறீர்களாம். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அதே கடையில் அதே ஆட்களுக்கு உரக்க வாசித்துக் காட்டவும்.

எனக்கு இருப்பது ஒரே மகள். கிர்ஸ்டிக்குக் கல்யாணம், மாப்பிள்ளை ஹேமிஷ் வேலை பார்க்கும் மேல்பண்ணையில். அங்கே போக ரோடு கிடையாது, ஆறுதான் ரோடு, பம்பு தண்ணீரைப் பின்னால் பீச்சி ஓடும் ஜெட் படகுதான் வண்டி. நான் கேட்டது ஒன்றே ஒன்று: என் பொண்ணை என் படகில் நானே கூட்டிப்போய், கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் விடவேண்டும். படகின் பழைய எஞ்சின் செத்துப்போனதால் சின்னதாக ஒரு எட்டு சிலிண்டர் வி-எட்டு வாங்கிப் போடலாம் என்றிருந்தேன். கோடையில் நம் ஆறு கணுக்கால் ஆழம், எடை குறைவாக இருந்தால்தான் கல்லில் தட்டாமல் போகும். அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். கையில் என் வீட்டு ஆட்டுக்கறிப் பை, வாயில் உபதேசம்.

"மாப்ளே, சின்ன எஞ்சின் தையல் மிஷினுக்கு ஆகும்யா. பொண்ணைப் பெத்தவன் வர்றான்னு மலைக்கே கேக்க வேணாமா? உன் சம்பந்தி கொலின் ஆறு சிலிண்டரை வச்சுக்கிட்டே என்ன ஆட்டம் ஆடுறான்! பிக்டன் துறைமுகத்துல ஒரு பழைய மீன்பிடி படகை உடைக்கிறாங்க. அதுலேருந்து பெரிய எஞ்சின் பிளாக் ஒண்ணு இறக்குறேன், பாரு."

பார்த்தேன். இறக்கினீர்கள். கொட்டகைத் தரை விரிசல் விட்டது. குளிர்காலம் முழுக்க அதைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் போட்டு, பேரிங் மாத்தி, இடம் பத்தாமல் வாஷிங் மிஷினை மழையில் தள்ளி, உங்க தங்கச்சி கறி வாட்டுற தட்டுல போல்ட்டை ஊறவச்சு, பல்சக்கரத்தை அவ அடுப்புல சூடுபண்ணி மாட்டி, அடுத்த ஞாயித்துக்கிழமை விருந்துல ஆட்டுத்தொடை கிரீஸ் வாசம் அடிச்சு, அவ என்கூடப் பேசுறதை நிறுத்தி, அத்தனையும் நடந்துச்சு. புது கேம் ஷாஃப்ட் வாங்கலாம்னேன். "எதுக்கு? பழசு தங்கமாட்டம் இருக்கு, ஸ்டார்ட்டரும் அதே இருக்கட்டும்"னீங்க. பின்னாடி புது சீல் போட்டும் எண்ணெய் ஒழுகுதேன்னேன். "பெரிய எஞ்சின்னா ஒழுகத்தான்யா செய்யும், பெரிய மனுஷங்களைப் பார்த்ததில்லையா?"ன்னு கேட்டீங்க. எஞ்சின் சூடாகாம இருக்கத் தோட்டத்துக் குழாயை மாட்டி, கொட்டகையிலேயே ஸ்டார்ட் பண்ணினோம். அடேங்கப்பா! பக்கத்துவீட்டு ஜன்னல் அதிர்ந்துச்சு. நீங்க கைதட்டினீங்க, நான் அழுதேன். சத்தத்தை எல்லாரும் கேட்டோம், அது எந்தப் பக்கம் சுத்துதுன்னு ஒருத்தனும் பார்க்கலை.

சனிக்கிழமை காலையில எம்பொண்ணு கல்யாண கவுனுக்கு மேல மிதவைச் சட்டை போட்டு, காலுக்கு ரப்பர் பூட்ஸ் மாட்டி, என் பக்கத்துல வந்து உட்கார்ந்தா. பின்சீட்டுல நீங்க, மடியில கேக்கோட உங்க தங்கச்சி. "அப்பா, மெதுவா"ன்னா. நான் ஆக்ஸிலேட்டரை அமுக்கினேன். எஞ்சின் உறுமுது, பின்னாடி தண்ணி நுரைக்குது, படகு போகலை. இன்னும் அமுக்கினேன். இன்னும் உறுமுது, நகரலை. இல்ல, நகர்ந்துச்சு. ஆறு எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம். கரையில நின்னு கையாட்டின சொந்தக்காரங்க எல்லாம் மேலேயே நிக்க, நாங்க கீழ போனோம். கடைசியில கூழாங்கல் திட்டுல ஏறி உட்கார்ந்துச்சு. உங்க பெரிய எஞ்சின் எடைக்கு எட்டுப் பேர் தள்ளினாலும் அசையாது. அங்க இருந்தது நீங்களும் நானும்.

அப்புறம்தானே சம்பந்தி வந்தான், அந்தத் தையல் மிஷினை ஓட்டிக்கிட்டு! சிரிக்கக்கூட இல்லைய்யா அந்த மனுஷன். அதுதான் தாங்கலை. "அலஸ்டர், சூடான மலைக்காத்து அடிக்குது, பனி உருகி ஆறு ஏறும். பாதிரியார் மதியத்துக்குள்ள திரும்பி இறங்கியாகணும். பொண்ணையும் பெவர்லியையும் கேக்கையும் ஏத்திக்கிறேன், உங்க ரெண்டு பேரையும் ஏத்தத் திரும்பி வரேன்"னான். திரும்பியும் வந்தான். அதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சிருந்துச்சு. எம்பொண்ணு கையைப் பிடிச்சு அழைச்சுட்டுப் போனது கொலின்.

அந்த நேரத்துல நாம என்ன பண்ணிக்கிட்டிருந்தோம்? நான் மூடியைத் திறந்து எஞ்சினை முறைச்சுக்கிட்டிருந்தேன். "மச்சான், இந்த பெல்ட்டு ஏன் எதிர்ப்பக்கமா ஓடுது?"ன்னேன். நீங்க சாஸேஜ் ரோலைக் கடிச்சுக்கிட்டே சொன்னீங்க: "அட, இது ஜோடியில அந்த எஞ்சினா! அந்தப் படகுல ரெண்டு எஞ்சின் மாப்ளே. படகு நேராப் போகணும்னு ஒண்ணை வலப்பக்கம் சுத்த விடுவான், ஒண்ணை இடப்பக்கம். உனக்கு பெயின்ட் நல்லா இருந்ததைக் கொடுத்தேன்."

பெயின்ட்! யோவ், பம்பு நேராச் சுத்தினாத்தானே தண்ணியை உறிஞ்சிப் பின்னாடி பீச்சும்? இது ரெண்டு விதம்னு தெரிஞ்ச ஆளுக்கு, அதுல ஒண்ணு என் படகுக்கு ஆகாதுன்னு தெரியாதா? பழைய கேம் ஷாஃப்ட்டும் ஸ்டார்ட்டரும் போதும்னீங்களே, அதுங்கதானே அதை எதிர்ப்பக்கமாவே சுத்த வச்சது? இன்னொண்ணு என்னாச்சுன்னு கேட்டா, "எங்க கொட்டகையில வைக்கோலுக்கு அடியில பத்திரமா இருக்கு, பின்னால எனக்கு ஆகும்"னு சொல்ல எப்படிய்யா வாய் வந்துச்சு? வயிறு எரியுது மச்சான். இருபத்தாறு வருஷம் வளர்த்தேன், கடைசி பத்தடி நடக்க விடாம பண்ணிட்டீங்க.

ஆகையால் இத்துடன் நமக்குள் எஞ்சின் சம்பந்தமான உறவு முடிந்தது. படகை விற்கப்போகிறேன். தங்கள் சீதனத்தைத் தங்கள் வாசலிலேயே இறக்கிவிடுவேன். இனி என் ஆயுசுக்கும் திருப்புளியைத் தொடமாட்டேன்.

தங்கள் மனைவி ஜாய்ஸ் அக்காவுக்கு என் அன்பு. தங்கள் ஆடுகள் பெருகட்டும். தாங்கள் நீடூழி வாழ்க, சற்றுத் தள்ளி.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளையாக வாய்த்த
அலஸ்டர்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மேல்பண்ணையிலிருந்து கிர்ஸ்டி இருவழி ரேடியோவில் கூப்பிட்டாள். மறுவிருந்துக்கு இறங்கி வர கொலின் படகு அனுப்புறேன்னாராம். இவ, "வேணாம் மாமா, ஏறினது உங்க படகு, இறங்குறது எங்கப்பா படகுலதான். அவர் எப்ப வர்றாரோ அப்பத்தான் இறங்குவேன்"னு சொல்லிட்டாளாம். "எவ்வளவு நாளாகும்ப்பா?"ன்னு கேட்டா. உறையிலிருந்து லெட்டரைத் திரும்ப வெளியே எடுத்தேன். மேலே திட்டினது திட்டினதுதான், ஒரு வரியும் அடிக்கலை. ஆனா அந்த வைக்கோலுக்கு அடியில இருக்கிறதை யாருக்கும் கொடுத்துடாதீங்க மச்சான். சனிக்கிழமை டிரெய்லரோட வரேன். உங்க தங்கச்சியும் வரா. ஏத்துறதுக்கு முன்னாடி அது எந்தப் பக்கம் சுத்துதுன்னு அவளே பார்க்கணுமாம்.