கழுத்துக்குக் கீழே ஒரு படம்

அன்பும் பொறுமையும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உங்கள் அக்காவும் சுகமாக இருக்கிறோம். இந்த வரியை இந்த ஒரு முறை நீங்கள் அப்படியே நம்பலாம். அவ்விடம் தாங்களும் தங்கள் துணைவியாரும் பிள்ளைகளும் அதே மாதிரி, அதாவது உண்மையாகவே, சுகமாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன்.

தாங்கள் அன்புடன் அனுப்பிய இரண்டு கேமராக்களும் கீறலின்றி வந்து சேர்ந்தன. தங்கள் பழைய டிஎஸ்எல்ஆர், அதன் குட்டை லென்ஸ், நெட்டை லென்ஸ், பை, பட்டை எல்லாம் ஒரு பெட்டியிலும், தண்ணீர் புகாத அந்தச் சின்னக் கேமரா இன்னொரு பெட்டியிலும் இருந்தன. இரண்டையும் வைத்துப் பார்த்து எது தோதுப்படுகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். கேட்டதுமே அனுப்ப யாருக்கு மனசு வரும்? உங்கள் அக்கா தொடையெலும்பு முறிந்து கிடந்த நாட்களில் ஆஸ்பத்திரி வராந்தாவில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கி, கழுத்து பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டு நடந்தவர் நீங்கள். அதற்கே நான் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை. இப்போது இதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கேமரா எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நம் குடும்பத்தில் யாருக்கு என்ன நடந்தாலும் வெளியூரில் இருப்பவருக்கு "நல்லா இருக்கோம்" என்றுதான் சொல்லுவோம், இல்லையா? எனக்குக் குடல்வால் அறுத்தபோது "வாயுத் தொல்லை" என்றோம். உங்கள் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது "கண்ணு கொஞ்சம் உறுத்துதாம்" என்றோம். அதே வழக்கப்படி உங்கள் அக்கா மாடிப்படியில் விழுந்து தொடையில் தகடு வைத்தபோது எங்கள் பெண்ணிடம் "கால் சுளுக்கு" என்று சொல்லிவிட்டோம். நீங்களும்தான் பக்கத்தில் நின்று "ஆமாம்மா, சுளுக்குதான், நான் பார்த்தேனே" என்று சாட்சி சொன்னீர்கள். எதிர்வீட்டம்மா அவளிடம் பேசும்போது "தகடு இப்ப எப்படி இருக்கு?" என்று விசாரித்ததில் குட்டு உடைந்தது. அன்றிலிருந்து அவள் நம் ஒருத்தரையும் நம்புவதில்லை.

போனில் முகம் பார்த்துப் பேசினால் "கழுத்துக்கு மேல எல்லாரும் நல்லாத்தான் இருக்கீங்க, கழுத்துக்குக் கீழ காட்டுங்க"ங்கிறா. சரின்னு உங்க அக்காவை நடக்கவிட்டுக் காட்டினோம். அது ஆரம்ப நாள், கொஞ்சம் தள்ளாட்டம் இருந்தது, நான் படத்துல விழாம ஓரமா நின்னு முழங்கையைத் தாங்கிப் பிடிச்சிருந்தேன். என் மோதிர விரல் மட்டும் படத்துக்குள்ள வந்திருக்கு. அவ்வளவுதான், நடக்கிற படம் எதுவும் இனி செல்லாதுன்னுட்டா. டாக்டர் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட் அனுப்பினோம். "அவர் உங்ககூடப் படிச்சவர்தானேப்பா"ன்னு அதையும் தள்ளிட்டா. கடைசியா அவளே ஒரு வழி சொன்னா. தண்ணியில தனியா நீந்த முடிஞ்சா எலும்பு கூடிடுச்சுன்னு அர்த்தம்னு அவ ஊர் டாக்டர் ஒருத்தர் அவகிட்டயே சொல்லியிருக்கார். அம்மா தானா நீந்துறதுக்கு ஒரு படம் வேணும், ஞாயித்துக்கிழமைக்குள்ள வரலைன்னா திங்கட்கிழமை வேலையை விட்டுட்டு வந்து அம்மாவைப் பார்த்துக்கப் போறேன்னுட்டா. பாலம் கட்டுற கம்பெனி, இப்பத்தான் ஒரு முழுப் பாலத்தையே அவகிட்ட ஒப்படைச்சிருக்காங்க. எத்தனை வருஷமா அதுக்குக் காத்திருந்தான்னு உங்களுக்கே தெரியும். உங்க அக்கா அன்னைக்கு முழுக்கச் சாப்பிடலை. "என் காலால அவ வேலை போச்சுன்னா, இந்தக் கால் கூடினதுக்கு அர்த்தமே இல்லை"ன்னு சொன்னா. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. உடனே உங்களுக்குப் போன் போட்டேன்.

நீச்சல் குளத்தில் போனுக்குத் தடை. வாசலிலேயே பூட்டி வைத்துவிட வேண்டும். கேமராவைப் பற்றிப் பலகையில் ஒன்றும் எழுதவில்லை. அங்கே சொல்லிக்கொடுப்பவரை எல்லாரும் "விசில்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் அந்தப் பலகையை இரண்டு தரம் படித்துவிட்டு, இல்லாத விதியை நாமாக ஏன் போடவேண்டும் என்று அனுமதித்தார். நல்ல மனுஷர்.

முதலில் உங்கள் டிஎஸ்எல்ஆருடன் போனேன். மாப்பிள்ளை, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தால் வருகிற மரியாதையே தனி. வேலையில் இருந்தபோது பூட்டுத் தொழிற்சாலையே என்னைக் கண்டு நடுங்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுகூட இவ்வளவு வழி விட்டதில்லை. விசில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். வெந்நீர்க் குளமாச்சே, வெளியே இருந்த குளிருக்கு உள்ளே நுழைஞ்சதும் லென்ஸ் முழுக்க ஆவி படிஞ்சு, பார்க்கிற இடமெல்லாம் பால் ஊத்தின மாதிரி ஆயிடுச்சு. சட்டைத் துணியால துடைச்சா இன்னும் மோசம். அது தானா தெளியறதுக்குள்ள உங்க அக்கா நாலு தடவை போய் வந்து, தலை துவட்டி, "முடிஞ்சுதா?"ன்னு கேட்டா. மறுபடி இறங்கச் சொன்னேன். தண்ணி தெறிச்சு உங்க கேமரா கெட்டுடக் கூடாதேன்னு அதுக்கு உங்க அக்காவோட குளியல் தொப்பியை மாட்டிவிட்டு, அதோட மூக்கை மட்டும் வெளியே நீட்டிவிட்டு, நெட்டை லென்ஸைப் போட்டுச் சடக் சடக்னு எடுத்தேன். படமா அது, ஓவியம். ஒவ்வொரு தண்ணித் துளியும் தனித்தனியாத் தெரியுது. உங்க அக்கா சிரிக்கிறா, கண்ணுல வெளிச்சம். கல்யாணத்துல எடுத்த படத்துலகூட அவ இவ்வளவு அழகா இல்லை. பெருமையா அனுப்பினேன்.

"அப்பா, மறுபடியும் கழுத்துக்கு மேல"ன்னு பதில் வந்தது.

யோசிச்சுப் பாருங்க, தண்ணிக்குள்ள இருக்கிறவளைக் கரையில நின்னு எடுத்தா வேற என்ன வரும்? இருபத்தெட்டு வருஷம் தரச் சோதனை பார்த்தவனுக்கு இது தோணலை. தலை மட்டும் மிதக்குது, கீழே விசில் பிடிச்சிருக்காரா, ரப்பர் வளையம் இருக்கா, யாருக்குத் தெரியும்ங்கிறா. நியாயம்தானே.

ஆகவே சின்னக் கேமராவை எடுத்தேன். நான் எதையும் சோதிக்காமல் பயன்படுத்தியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆள் உயரத்தில் இருந்து விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று நீங்கள் எழுதியிருந்ததால் அலமாரி மேலே வைத்துத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கால் கட்டை விரல் நகம் போய்விட்டது. வாளித் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டேன், காலையில் எடுத்தால் சோப்பு டப்பா மாதிரி சிரித்துக்கொண்டிருக்கிறது. தேர்ச்சி கொடுத்துவிட்டேன்.

எனக்கு நீச்சல் தெரியாது, தண்ணி முழங்காலுக்கு மேல வந்தா நெஞ்சு படபடக்கும். அதனால குளத்துக்குள்ள இறங்காம கரையில குப்புறப் படுத்துக்கிட்டுக் கையை மட்டும் தண்ணிக்குள்ள விட்டுக் கண்ணை மூடிக்கிட்டு அமுக்கினேன். வந்த படத்துல பாதி தரை ஓடு, கொஞ்சம் விசிலோட வயிறு, தண்ணிக்கடியில அவர் இழுத்துப் பிடிக்கிறதில்லை போல. ஒரே ஒரு படத்துல ரெண்டு கால், என்ன வேகம், என்ன உதைப்பு, சுத்தி நுரை. உங்க அக்காகிட்டக்கூடக் காட்டாம மகளுக்கு அனுப்பிட்டேன். உடனே போன் அடிச்சா. அம்மா எப்ப இருந்து காலுக்குச் சிவப்பு நகப்பூச்சு போடுறாங்கன்னு கேட்டா. அது பக்கத்துத் தடத்துல நீந்துற பல் டாக்டரம்மாவோட கால், மாப்பிள்ளை. அடுத்து அவ கேட்டதை என்னால மறக்கவே முடியாது. "இப்ப வாடகைக்குக் கால் எடுக்கிற அளவுக்கு வந்துட்டீங்களாப்பா?"

உங்க அக்கா என்னோட ஒரு வேளை பேசலை. பல் டாக்டரம்மா விஷயம் தெரிஞ்சு ரொம்ப நல்லபடியா எடுத்துக்கிட்டாங்க, தன் காலை இவ்வளவு நல்லா யாரும் எடுத்ததில்லைன்னு ஒரு பிரதி கேட்டிருக்காங்க.

வேறு வழியில்லாமல் நேற்று நானே இறங்கினேன். விசில் கொடுத்த இரவல் நீச்சல் உடை அவர் வயிற்றுக்குத் தைத்தது, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்னொரு கை கரைக் கம்பியில். கேமராவுக்குக் கை இல்லாததால் மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றிக்கொண்டேன். ஆழமில்லாத பக்கம் நின்னா அவ தரையில கால் ஊனியிருக்கான்னு மகள் சொல்லிடுவா, அதனால கம்பியைப் பிடிச்சுப் பிடிச்சு நண்டு மாதிரி ஆழமான பக்கம் போனேன். கரையில விசில் ஒரு பக்கம், பல் டாக்டரம்மா ஒரு பக்கம், ரெண்டு பேரும் எனக்குத் தைரியம் சொல்லிக்கிட்டே வந்தாங்க. கீழே கால் எட்டலைன்னு தெரிஞ்ச நிமிஷம் என் உடம்புல இருந்த எல்லாக் கையும் கம்பிக்குப் போயிடுச்சு. கயிறு நழுவிக் கேமரா போயே போச்சு. அதுல ஒரு ஆரஞ்சு நுரைக்கட்டை கோத்திருந்ததே, மிதக்கிறதுக்காம். பெட்டிக்குள்ள ஆடாம இருக்க வெச்ச அடைப்புன்னு நினைச்சு நான் முதல் நாளே குப்பையில போட்டுட்டேன்.

அப்பதான் உங்க அக்காவைப் பார்க்கணும். என்னை ஒரு முறை முறைச்சா, மூச்சை இழுத்தா, தலைகீழாக் கவிழ்ந்து உள்ளே போனா. சின்ன வயசுல நீங்களும் அவளும் போட்டி போட்டு நீந்துவீங்கன்னு சொல்லுவா, நான் கதைன்னு நினைச்சிருந்தேன். ஒரு நொடி ரெண்டு காலும் தண்ணிக்கு மேல நேரா நின்னுச்சு, தகடு வெச்ச காலும் சேர்த்து. கொஞ்ச நேரம் கழிச்சு எங்கேயோ தள்ளி வெளியே வந்தா, கையில கேமரா. ஊரே பார்க்க வேண்டிய படம் அது. எடுக்க எதுவும் இல்லை, கேமரா அவகிட்ட இருந்தது. அதைப் பார்த்ததோட நான் மறுபடி கண்ணை இறுக்க மூடிக்கிட்டுக் கம்பியில தொங்கிக்கிட்டு இருந்தேன். விசிலும் பல் டாக்டரம்மாவும் சேர்ந்து என்னை மேலே தூக்கினாங்க.

ஆகவே என் முடிவு. டிஎஸ்எல்ஆரையே வைத்துக்கொள்கிறேன். அது கனமானது, பழையது, ஆவி படிகிறது, ஆனால் ஒரு மனிதனை மரியாதையாகக் கரையில் நிற்க வைக்கிறது. சின்னக் கேமராவை நன்றாகத் துடைத்து, பொட்டலம் கட்டி, இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நுரைக்கட்டைக்கு மன்னிக்கவும். படம் கிடைக்கவில்லை. இன்று ஞாயிறு. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பஸ் ஓட்டுநர் தெரிந்தவர், மதியத்துக்குள் உங்கள் வீட்டில் சேர்த்துவிடுவார். கிடைத்ததும் நீங்கள் கிளம்பி எங்கள் பெண்ணை நேரில் போய்ப் பாருங்கள், அவள் இருக்கும் ஊர் உங்களுக்குத்தானே பக்கம். சுளுக்கு விஷயத்தில் நீங்களும் கூட்டு என்பதால் உங்களையும் அவள் நம்பமாட்டாள் என்று தெரியும். ஆனாலும் தாய்மாமன் வாசலில் வந்து நின்று கேட்டால் ஒரு வாரமாவது தள்ளிப்போடுவாள். உங்களை விட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? எத்தனை தடவை எங்களுக்காக ஓடிவந்திருக்கிறீர்கள், இன்னும் ஒரு தடவை ஓடுங்கள்.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் அன்பும், பிள்ளைகளுக்கு நல்ல படிப்பும் நல்ல பசியும் நல்ல தூக்கமும் என்றும் குறையாதிருக்க எங்கள் ஆசியும். அக்கா உங்களை வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள்.

என்றும் நன்றி மறவாத,
அத்தான்

பி.கு.: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். நீங்கள் எங்கும் கிளம்ப வேண்டாம். பொட்டலத்தில் வருவது டிஎஸ்எல்ஆர், உங்கள் அக்கா கட்டைப் பிரித்து மாற்றிவிட்டாள். கடிதத்தை உறையில் போடும்போது மகள் போன் செய்தாள். அந்தச் சின்னக் கேமராவில் இருந்த எல்லாவற்றையும் உங்க அக்கா நேத்தே எனக்குச் சொல்லாம அவளுக்கு அனுப்பியிருக்கா. கடைசிப் படத்துல நான் இருக்கேனாம். கண்ணை மூடிக்கிட்டுக் கம்பியில தொங்குறேன், என் தலைக்கு மேல 'ஆழப் பகுதி, நீச்சல் தெரியாதவர்கள் இறங்கக் கூடாது'ன்னு பலகை, கரையில விசிலும் பல் டாக்டரம்மாவும் குனிஞ்சு எனக்குக் கை நீட்டுறாங்க, எனக்கும் கேமராவுக்கும் நடுவுல வெறும் தண்ணி.

"இதை யாருப்பா எடுத்தது?" என்றாள்.

"வேற யாரு, உங்க அம்மாதான்."

"அவ்வளவு ஆழத்துல எதைப் பிடிச்சுக்கிட்டு எடுத்தாங்க?"

எனக்குத் தெரியவில்லை. திரும்பி உங்கள் அக்காவைக் கேட்டேன். துண்டு மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள். "ரெண்டு கையிலயும் கேமராவைத்தான் பிடிச்சிருந்தேன்னு சொல்லுங்க."

சொன்னேன். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்போ அம்மாவைத் தாங்கினது கால்தான்ப்பா. நான் நாளைக்கு வேலைக்குப் போறேன்" என்றாள்.