இருபத்தெட்டாவது கிளை

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிய புண்ணியவான் சொல்லச் சொல்ல, உங்கள் தங்கை எழுதும் கடிதம். இங்கு நாங்கள் இருவரும் சுகம். சரியாகச் சொன்னால் ஒன்றே முக்கால் பேர் சுகம், ஏனென்றால் அவளுடைய இடது காலில் மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. இரண்டு மாதமாக வாசற்படி தாண்டாமல் கட்டிலில் இருந்தபடியே வீட்டை ஆண்டுகொண்டிருக்கிறாள். அங்கு நீங்களும் மகளும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் சுகமாகவே இருப்பீர்கள் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் பாதியிலேயே "சரி சரி, வெச்சிடறேன்" என்பீர்கள். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

மச்சான், நம்ம கடைத்தெரு எழுந்துவிட்டது! படுத்த படுக்கையாகக் கிடந்தது எழுந்து உட்கார்ந்துவிட்டது! சீரமைப்பு ஆபீஸிலிருந்து உங்களுக்கு வந்த தாளில், பதினோராம் நம்பர் பட்டன் கடையைத் திறந்து நடத்தப்போகிறீர்களா, இல்லை அவர்களிடமே ஒப்படைத்துவிடுகிறீர்களா, பதினைந்தாம் தேதிக்குள் பதில் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்களாமே. நீங்களும் "ஒப்படைச்சுத் தொலைக்கிறேன்" என்று தங்கையிடம் சொன்னீர்களாம். அந்தப் பேனாவை உடனே மூடி வையுங்கள். இன்னும் மை உறிஞ்சாத தாளாக இருந்தால் அதில் பேரப்பிள்ளைகளுக்குக் கப்பல் செய்து கொடுங்கள்.

எனக்கு எழுத்துதான் தெரியாது, ஞாபகம் தெரியும். நாற்பத்தொரு வருஷம் அந்தத் தெருவில் ஷட்டர்களுக்குக் கிரீஸ் போட்டவன் நான். கண்ணைக் கட்டி நடுத்தெருவில் நிறுத்தினாலும், ஷட்டர் ஏறுகிற சத்தத்தை வைத்தே கடையைச் சொல்வேன். பதினேழாம் நம்பர் குடைக்கடை ஷட்டர் பாதி ஏறியதும் ஒரு விக்கல் விக்கும், லாரி பின்னால் வந்து மோதியதில் இடப்பக்கம் மூன்றாவது பட்டை நசுங்கினது. இருபதாம் நம்பர் கடிகாரக்கடை ஷட்டர் அழும். எட்டாம் நம்பர் செருப்புக்கடை ஷட்டர் அதன் முதலாளி மாதிரியே, தூக்கவே விடாது, விழும்போது மட்டும் ஒரேடியாக விழும். அந்தக் காலத்தில் அந்தத் தெருவில் காலி இடம் என்று ஒன்று இருந்ததுண்டா? ஒருத்தர் கடையை விடுகிறார் என்று இருமினாலே போதும், மறுநாள் காலை நாலு பேர் பூட்டோடு நிற்பார்கள். பிறகுதான் ஊருக்கு வெளியே அந்தக் குளிர்க்கடை வந்தது, ஏறுகிற படிக்கட்டே ஆளை ஏற்றிக்கொண்டு போகிறது என்று சனம் எல்லாம் அங்கே ஓடியது. முதலில் குடை, அடுத்த வெயிலுக்குள் கடிகாரம், அதே வருஷக் கடைசியில் மூக்குக்கண்ணாடி, இப்படி ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே வந்து, நம்ம தெருவில் ஈ ஓட்டுகிறார்கள் என்ற நிலைமை போய், ஓட்டுவதற்கு ஈயும் இல்லை என்று ஆனபோதுதான் நீங்களும் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போனீர்கள். அன்றைக்கு நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

சரி, அழுகைக்கதை வேண்டாம். தை தை என்று குதிக்க வேண்டிய நேரம் இது. போன வருஷம் தெருவைத் தோண்டிப் போட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தோண்டிய குழியில்தான் உங்கள் தங்கை விழுந்தாள் என்பது கட்டைப் பார்த்தால் தெரியும். இப்போது குழியெல்லாம் மூடி, வழுவழுவென்று கல் பாவி, வண்டி வரக்கூடாது என்று நடுவில் குட்டிக் குட்டித் தூண் நட்டு, உட்கார பெஞ்சு போட்டு, விளக்குக்கம்பம் எல்லாம் கழுத்தை வளைத்து நம்மை எட்டிப் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். இது கூடப் பெரிசில்லை மச்சான். ஒரு முதலாளி வந்திருக்கிறார்! யாரென்று தெரியாது, ஆனால் ஆள் சாதாரண ஆளில்லை. முதலில் குடைக்கடை வாசலில் புத்தம்புது மஞ்சள் போர்டு தொங்கியது. மறுவாரம் கடிகாரக்கடையில் அதே போர்டு. அப்புறம் செருப்பு, மூக்குக்கண்ணாடி, பாத்திரக்கடை என்று மளமளவென்று ஏறிப் போன வாரத்தோடு இருபத்தேழு. எல்லாம் ஒரே மஞ்சள், ஒரே எழுத்து, கீழே ஒரே போன் நம்பர். ஒரே கம்பெனி, இருபத்தேழு கிளை, அதுவும் ஒரே தெருவில்! உலகத்தில் எவனாவது செய்திருக்கிறானா?

எழுத்தை மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன், சொல்கிறேன். முதலில் காலை மடக்கி உட்கார்ந்த பூனை. பக்கத்தில் ஒரு ஒற்றைக்கால். அப்புறம் ஆசாரி வைத்திருக்கிற மூலைமட்டம். அதற்கடுத்து நம்ம ஷட்டர் ஸ்பிரிங் போல ரெட்டைச் சுழி. கடைசியில் ஒரே ஜாடையில் அண்ணன் தம்பி மூன்று பேர்: மூத்தவன் சும்மா நிற்கிறான், நடுவன் தலையில் பொட்டு, கடைக்குட்டி வாலைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறான். பேரிலேயே ஒரு களை இருக்கிறதா இல்லையா? (உங்கள் தங்கை இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். "எழுதும்மா" என்றேன்.)

எண் எனக்குத் தெரியும் அல்லவா, முடிவெட்டுகிறவர் கடையிலிருந்து அந்த நம்பருக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தது.

"வணக்கம்மா. நீங்க என்ன விக்கிறீங்க?"

"நாங்க எதுவும் விக்கிறதில்லைங்க."

கேட்டீர்களா! விற்காமலே இருபத்தேழு கிளை! விற்க ஆரம்பித்தால் என்ன ஆகும்!

"உங்களுக்கு எந்தக் கடை பிடிச்சிருக்கு சார்?" என்றது.

"எனக்கு எல்லாமே பிடிச்சிருக்கும்மா."

"எல்லாமேவா?" உடனே மேனேஜரே வந்துவிட்டார். "சார், எத்தனை பார்த்தீங்க?" "இருபத்தேழும் பார்த்தாச்சு." "சார் எப்ப வர்றீங்க?" "நான் தினம் வர்றவன்யா." கிரீஸ் போடுகிறவனை வாழ்க்கையில் யாரும் அத்தனை முறை சார் என்று சொன்னதில்லை.

அப்போதுதான் எனக்கு மண்டையில் பல்பு எரிந்தது. ஊரே ஒரு பக்கம் போகும்போது உங்கள் கடை மட்டும் ஏன் மொட்டையாக நிற்க வேண்டும்? போர்டு மாட்டுகிற ஏணிக்காரரைப் போய்ப் பிடித்தேன்.

"இந்தப் போர்டு எந்தக் கடைக்கும் மாட்டலாமா?"

"ஓனர் சொன்னா மாட்டிடுவோம் பெருசு."

"ஓனர் என் மச்சான். நான் சொன்னா அவர் சொன்ன மாதிரி."

"நல்லா யோசிச்சுக்குங்க. மாட்டிட்டா ஆளுங்க வந்து பார்ப்பாங்க, சும்மா சும்மா போன் வரும்."

"வரத்தானேய்யா மாட்டுறோம்! ஆள் வரலைன்னா அது என்ன கடை?"

ஏணிக்காரர் சிரித்துவிட்டு மாட்டினார். உங்கள் பழைய போர்டு மறையாமல், அதற்குக் கீழே, நேராக, மட்டம் பார்த்து மாட்டச் சொன்னேன். இருபத்தெட்டாவது கிளை! தூரத்திலிருந்து பார்த்தால் கண் நிறைகிறது.

போர்டு ஏறிய கையோடு, கிரீஸ் போடலாம் என்று உங்கள் ஷட்டரைத் தூக்கினேன். மூன்று வருஷம் தூங்கிய ஷட்டர், ஒரு முனகல் கூட இல்லை, பட்டுப்புடவை மடிப்புக் கலைகிற மாதிரி ஏறியது. தெருவில் நடந்துபோன சனம் அப்படியே நின்றது. தையல்காரம்மா ஒருத்தி உள்ளே வந்து, "கோட்டுப் பட்டன் இருக்கா? நாலு துளை, பழுப்பு. ஊரெல்லாம் தேடிட்டேன், எல்லாம் பாக்கெட்டுலதான் விக்கிறான், ஒத்தைப் பட்டன் குடுக்க ஆளில்ல" என்றாள். பெட்டி மேல் எழுதியிருப்பது எனக்கு எங்கே தெரியும்! ஆனால் நீங்கள்தான் ஒவ்வொரு பெட்டி மூடியிலும் ஒரு பட்டனைத் தைத்து வைத்திருக்கிறீர்களே, அது போதாதா? ஒன்பதாவது வரிசை, கீழிருந்து இரண்டு. எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடைக்காரர் எங்கே?" என்றாள். "பதினைஞ்சாம் தேதி வர்றார்" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் ஜிப் கேட்டு ஒருத்தர், பாவாடை நாடா கேட்டு ஒருத்தி. எல்லோருக்கும் அதே பதில்தான். ஆகையால் நீங்கள் வந்தே ஆக வேண்டும், என் நாக்கைக் காப்பாற்றுங்கள். நிழலாக இரண்டு பெஞ்சு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் நீங்கள், ஒன்றில் நான், நடுவில் யாரையும் உட்கார விடக்கூடாது.

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரிந்தே, ஏணிக்காரரிடம் கேட்டு உபரியாக ஒரு போர்டு வாங்கி வந்திருக்கிறேன். பேப்பரில் சுற்றிக் கதவுக்குப் பின்னால் சாய்த்திருக்கிறேன். கடிதம் முடிந்ததும் உங்கள் தங்கைக்குக் காட்டப்போகிறேன். படித்துப் பார்த்து அவளே உங்களுக்கு அந்தக் கம்பெனியின் பேரை எழுதட்டும்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு. பேரப்பிள்ளைகள் நூறு வயது வரை பல் விழாமல் இருக்கட்டும். உங்களுக்கு என் கைநாட்டோடு வணக்கம். (கிரீஸ் கறைக்கு மன்னிக்கவும், அது கைநாட்டின் பக்கத்து விரல்.)

இப்படிக்கு,
உங்கள் வருகைக்காக ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருக்கும்
மைத்துனன்

பின்குறிப்பு: அண்ணா, இது நான். பூனை, மூலைமட்டம் என்று சொன்னபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. இப்போது போர்டைப் பிரித்துப் பார்த்தேன். அதில் இருப்பது "வாடகைக்கு". தெருவில் இருபத்தேழு கடை காலி. இருபத்தெட்டாவதாக உன் கடையிலும் இவரே அதை மாட்ட வைத்திருக்கிறார். மேலே எழுதிய முதலாளி, கம்பெனி, கிளை எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படி. தையல்காரம்மாவை மட்டும் அடிக்காதே. அவள் நேற்று வீடு தேடியே வந்துவிட்டாள், பதினைந்தாம் தேதி எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டு. இவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீ போனதிலிருந்து காலையில் எழுந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனுஷன், பத்து நாளாகக் கிரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு சீட்டியடித்தபடி போகிறார். அந்த ஒரு வார்த்தையை என் வாயால் சொல்ல வரவில்லை. நீயே வந்து, போர்டைக் கழற்றிவிட்டுச் சொல். எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, "அவ்வளவு நேரமா என்ன எழுதுற?" என்கிறார். "ஆசீர்வாதம்" என்றேன். "அப்படின்னா இன்னும் ரெண்டு சேர்த்துப் போடு" என்கிறார்.