அரசர் பார்க்க நடந்த போர்

கிழக்கே ஒரு பேரரசு இருந்தது. அதன் ஒரு மூலையில் கிளம்பிய குதிரை மறுமூலைக்குப் போய்ச் சேர்வதற்குள் கிழடாகிவிடும். அதை ஆண்ட வானளாவி மன்னர் பட்டமேறிய அன்றே ஒரு சட்டம் போட்டார்: அரசர் கண்ணில் படாத வேலை, செய்யாத வேலை.

குடிமக்கள் உடனே திருந்தினார்கள். மன்னரின் தேர் போகும் சாலையோரம் மட்டும் வாய்க்கால் ஓடியது. வைத்தியர்கள் வாசலில் கிடந்த நோயாளிக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். பூளைக்காட்டு உழவர் குப்பாண்டியின் வயல் சாலையிலிருந்து தள்ளி இருந்தது. பயிர் காய்ந்தது. சட்டப்படி அவர் உழவே இல்லை. சோம்பேறி என்று தீர்ப்பாகி, போர்க்கப்பலின் அடித்தட்டில் துடுப்புப் போட அனுப்பப்பட்டார்.

கடலுக்கு அப்பால் ஏழுதுறை என்ற சிற்றூர் மட்டும் பணியவில்லை. ஒரு பிடி மண்ணும் ஒரு குடம் தண்ணீரும் கொடுத்தால் ஊர் பேரரசுக்குச் சொந்தம். கொடுக்காவிட்டால் சாம்பல். கேட்க வந்தவர் அமைச்சர் அடியார்க்கினியர்.

"தண்ணி வேணும்னா கடல்ல மொண்டுக்குங்க. எங்க கையால தரமாட்டோம்" என்றாள், ஊரார் கைதூக்கித் தேர்ந்தெடுத்த துறைத்தலைவி நீலாயி.

"அம்மா, எங்ககிட்ட ஆயிரம் கப்பல் இருக்கு."

"நிறுத்த எடம் இருக்கா, ஐயா?"

போர் நாளன்று மன்னர் ஏழுதுறைக்கு முன்னிருந்த குறுகிய கடல் இடுக்குக்கு மேலே ஒரு குன்றில் நாற்காலி போட்டு அமர்ந்தார். நீலாயியின் சிறு படகுகள் இடுக்குக்குள் பின்வாங்கின. முன்வரிசைக் கப்பல்கள் துரத்தி நுழைந்தன. பின்வரிசைத் தளபதிகளுக்குக் கலக்கம். பின்னால் நின்றால் மன்னர் எப்படிப் பார்ப்பார்? எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னே பாய்ந்தார்கள். கப்பல் கப்பலை இடித்தது. தளபதிகள் குன்றை நோக்கிக் கைகூப்பியபடியே மூழ்கினார்கள்.

அடித்தட்டில் குப்பாண்டி துடுப்பைக் கீழே வைத்தார்.

"ஏன்யா நிறுத்திட்ட?" என்றார் பக்கத்து ஆள்.

"இங்க நம்மள யாரு பாக்குறா? போட்டாலும் போடாத துடுப்புதான். வா, நீந்துவோம்."

கப்பல் கப்பலாகத் துடுப்புகள் நின்றன. நின்ற கப்பல்களின் விலாவில் ஏழுதுறைப் படகுகள் ஒவ்வொன்றாக மோதித் துளையிட்டன. கரையில் ஊரே ஆர்ப்பரித்தது. நீந்தி வந்தவர்களை நீலாயியே கைகொடுத்துத் தூக்கினாள்.

"எந்த ஊருய்யா?"

"பூளைக்காடு."

"கஞ்சி குடிச்சிட்டு, எங்க படகுலயே ஊரு போய்ச் சேருங்க."

குன்றின்மேல் மன்னர் எழுந்து நின்றார். "என்னய்யா இது?"

"ஒரே வழிதான் அரசே" என்றார் அமைச்சர். "கண்ண மூடிக்கோங்க."

மன்னர் மூடிக்கொண்டார். தோல்வி நடக்கவில்லை. மன்னரைக் கைபிடித்துத் தலைநகருக்கு அழைத்துவந்து வெற்றி விழா தொடங்கினார்கள்.

ஊர் திரும்பிய குப்பாண்டி, சாலையோர வாய்க்காலை வெட்டித் தன் வயலுக்குத் திருப்பினார். அதிகாரி ஓடி வந்தார்.

"யாரக் கேட்டுய்யா வெட்டுற?"

"மன்னர் இன்னும் கண்ணத் தொறக்கலீங்களே. அப்ப நான் வெட்டலீங்க."

அதிகாரி சட்டம் படித்தவர். யோசித்துவிட்டுத் திரும்பிப் போனார். செய்தி ஊர் ஊராகப் பரவியது. பேரரசெங்கும் மடைகள் திறந்தன. வைத்தியர்கள் உள்ளறைகளுக்கும் போனார்கள். எதுவுமே நடக்காததால் எதையும் தடுக்க முடியவில்லை.

அரண்மனையில் மன்னர் அவ்வப்போது கேட்பார்: "இப்பத் தொறக்கலாமா?"

"விழா முடியட்டும் அரசே" என்பார் அமைச்சர்.

அறுவடைக் காலத்தில் ஒரு காலை மன்னர் மறுபடி கேட்டார். பதில் வரவில்லை. மேளச் சத்தமும் இல்லை. எங்கோ வயல்களிலிருந்து அறுவடைப் பாட்டு மட்டும் கேட்டது. யாரும் சொல்லாமல் திறப்பது முறையல்ல என்று மன்னர் காத்திருந்தார்.