அம்மாவின் பெயரை விட்டுவிட்ட எலிசெயோ மாமாவுக்கு

மாமா, நம்ம குடும்பச் சண்டையை அப்படியே யாரோ படமா எடுத்துட்டாங்க, அது நம்ம ஊர் அரங்கத்துலயே ஓடுது, அம்மா மூணு தடவை பார்த்தாச்சு!

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா ரெமெடியோஸின் மகள் நோயெலியா எழுதுவது. பில்பாவோவில் நீங்களும் அத்தையும் நலம், மழையும் வழக்கம்போல நிற்காமல் பெய்கிறது என்று நம்புகிறேன். இங்கே தமோராவில் எல்லோரும் சுகம். இணையத்தில் உங்களை எங்கே தேடியும் காணவில்லை. அதனால் பத்தொன்பது வயதில் முதல் முறையாகத் தபால்தலை வாங்கியிருக்கிறேன். எந்த மூலையில் ஒட்டுவது என்று அப்பாவைக் கேட்க வேண்டியிருந்தது.

படத்தின் பெயர் ‘ஏழாவது வரி’. ஒன்பது வருடமாகப் பேசாத அக்காவும் தம்பியும் இறந்துபோன அப்பாவின் வீட்டைக் காலி செய்ய வருகிறார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் எடுத்த விதம் இருக்கிறதே மாமா, ஒரு காட்சியில் நான்கு நிமிடம் அக்கா போர்வை மடிக்கிறாள். மறுமுனையைத் தம்பி பிடிக்க வேண்டும், பிடிக்கவில்லை. அவள் முகவாயில் இடுக்கிக்கொண்டு தனியாகவே மடிக்கிறாள். நமக்கு முதுகு மட்டும்தான் தெரிகிறது. அந்த நடிகை முதுகாலேயே என்னை அழ வைத்துவிட்டார். என் இணையப் பக்கத்தில் இதைப் பற்றிப் பதினொரு பதிவு போட்டேன், நாற்பது பேர் பார்த்தார்கள், அதில் பாதி நானே.

இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். ஒன்பது வருடம் முன்பு தாத்தா இறந்தபோது சர்ச் வாசலிலும் ரொட்டிக்கடைக் கதவிலும் ஒட்டிய இறப்பு அறிவிப்பை நீங்கள்தான் அச்சுக்குக் கொடுத்தீர்கள். மகன் எலிசெயோ, மருமகள், மருமகன் செல்சோ, பேரப்பிள்ளைகள் என்று எல்லோரும் இருந்தார்கள், அம்மா மட்டும் இல்லை. மகளே இல்லாத வீட்டுக்கு எங்க அப்பா எப்படி மருமகன் ஆனார் என்று ரொட்டி வாங்க வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். நீங்கள் அழுதுகொண்டே போனில் பெயர்களைச் சொன்னீர்கள், அதில் ஒன்று விட்டுப்போனது என்று அப்பா எப்போதும் உங்களுக்காகப் பரிந்து பேசுவார். அம்மா கேட்க மாட்டாள். “அழுகையிலயும் பொண்டாட்டி பேரு ஞாபகம் வந்துச்சுல்ல” என்பாள்.

படத்திலும் இதேதான் மாமா. அந்தத் தம்பியும் அறிவிப்பின் ஏழாவது வரியில் வர வேண்டிய அக்காவின் பெயரை விட்டுவிடுகிறான். வீட்டைக் காலி செய்யும்போது இழுப்பறையில் அந்தப் பழைய அறிவிப்பு கிடைக்கிறது. அவன் அதைச் சுவரில் வைத்து அழுத்தி, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறக்கிறான், நான் மூச்சையே பிடித்துக்கொண்டிருக்கிறேன், அந்த நேரம் பார்த்து எங்கள் அரங்கத்தில் படம் காட்டும் கருவி நின்று விளக்கெல்லாம் போட்டுவிட்டார்கள். அறுபது பேரும் சூரியகாந்தி விதை கொறிப்பதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார்கள். அப்பா சீட்டுக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். ரொட்டிக்கடை பெலிசாதான் வாயைத் திறந்தாள்.

“ரெமே, இது நம்ம எலிசெயோ தானே?”

அம்மா நிதானமாகச் சொன்னாள். “அவன் இல்ல. இந்த ஆளு பேனா வச்சிருக்கான்.”

அரங்கமே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. மறுநாளும் தனியாகப் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். கேட்டால், அந்த நடிகையின் கோட்டு தைத்த விதத்தைப் பார்க்கப் போனாளாம். கோட்டு முதல் பத்து நிமிடத்தோடு போய்விடுகிறது மாமா. மூன்றாம் நாள் கண் வீங்கித் திரும்பி வந்தவளிடம், மாமாவையும் கூப்பிடலாமா என்று தைரியமாகக் கேட்டேன். “வரச் சொல்லுன்னு நான் சொல்லல. வர வேணாம்னும் சொல்லல. பூண்டை உரி” என்றாள். ஒன்பது வருடத்தில் உங்களைப் பற்றி அவள் இவ்வளவு நல்லவிதமாகப் பேசியதே இல்லை.

வரும் ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கடைசிக் காட்சி. அதற்குப் பிறகு படம் வேறு ஊருக்குப் போய்விடும், அம்மாவும் பழையபடி ஆகிவிடுவாள். அவள் பக்கத்து நாற்காலியில் நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும், ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

அத்தைக்கு என் இரண்டு கன்னத்து முத்தங்கள். கடவுள் உங்களுக்கு நல்ல உடம்பையும், நேரத்துக்குக் கிளம்பும் பேருந்தையும் கொடுக்கட்டும்.

அன்புடன்,
நோயெலியா

பி.கு.: மேலே எழுதிய எதுவும் இனித் தேவையில்லை. உறை வாங்கிக்கொண்டு வந்தால் அம்மா போனில் கத்திக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கம் நீங்கள்! உங்கள் எண் இந்த வீட்டில் எங்கேயும் எழுதி வைக்கவில்லை மாமா, அவளுக்கு மனப்பாடமாகவே இருந்திருக்கிறது. ஒரு மணி நேரம் ஆகிறது. திட்டி முடித்தாயிற்று, இப்போது படத்தைக் காட்சி காட்சியாகச் சொல்கிறாள், இதோ கடைசிக் காட்சிக்கே வந்துவிட்டாள். தயவுசெய்து அந்த முடிவை மட்டும் மறந்துவிட்டு ஞாயிறு வாருங்கள். அத்தைக்கும் இதைப் படித்துக் காட்டி, எத்தனை நாற்காலி பிடிக்க வேண்டும் என்று உடனே பதில் போடுங்கள்.