கிராக்கியார் முடிக்காத இசை

இரங்கூன் பபேடான் பகுதியில் எங்கள் தெருவில் வாழ்ந்த கிராக்கியாரைப் பொய்யர் என்று இன்றும் சிலர் பேசக் கேட்கிறேன். அதனை மறுத்துரைக்க வேண்டியே இதனை எழுதலானேன். அவர் தம் வாழ்நாளில் ஒரு பொய்யும் உரைத்ததில்லை. நம்பத்தக்க மெய் ஒன்றும் உரைத்ததில்லை.

அவர் நாகசுரக் கலைஞர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், பருமிய யானையொன்றை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற வேடிக்கைக் குழுவினர், அது ஆடுங்கால் ஊதுதற்கு இவரையும் கப்பலேற்றினர். போலந்து நாட்டுப் பழம்பெருநகரான கிராக்கோவில் யானைக்குச் சளி பிடித்தது. ஆட்டம் நின்றது, இவர் ஊர்சுற்றிப் பார்த்தார்.

திரும்பியதும் உப்புக்கடைக்காரரிடம், "கிராக்கோ பாத்துட்டு வரேன் மாமா" என்றார்.

"இங்க ஒரு கிராக்கியும் வரல, ஈதான் வருது. நீ கப்பலேறிப் போயா கிராக்கி பாத்தே?"

அன்றே பெயர் ஒட்டிக்கொண்டது.

அக்கடைக்காரரின் மகள் அஞ்சலையை மணப்பதே அவர்தம் ஒரே விருப்பம். ஆதலின், வருங்கால மாமனார் உளங்குளிர உப்பையே புகழ்ந்தார்.

"அந்தூருக்குப் பக்கத்துல, பூமிக்கடியில ஒரு கோயில் மாமா. சுவரு உப்பு, சாமி உப்பு, சரவிளக்கும் உப்பு!"

"ஹொட்லா?" என்றார் கடைக்காரர். பருமிய மொழியில் அதற்கு 'மெய்யாகவா?' என்று பொருள். எங்கள் தெருவில் 'அளக்காதே' என்று பொருள். "ஒரு மழைக்கு என் மூட்டையில பாதி சாக்கடைக்குப் போவுது. உன் சாமி மட்டும் கரையாதோ? பொய்யனுக்குப் பொண்ணு கிடையாது, போ!"

அந்நகர்க் கோட்டைக் கோயிலின் வாயிலில் பூதநாகத்தின் எலும்பு தொங்குவதையும் உரைத்து, நிலைமையை மேலும் கெடுத்துக்கொண்டார்.

இறுதியில், சான்று காட்டுவேன் என்று நாகசுரத்துடன் கடைவாயிலில் வந்து நின்றார். "கோபுரத்து உச்சியில ஒருத்தன் மணிக்கு மணி கொம்பு ஊதுவான். அதைக் கேளுங்க."

ஊதினார். ரிக்சாக்காரர் வண்டியை நிறுத்திக் கேட்டார். இசை மேலே மேலே ஏறி, உச்சியில் சட்டென அறுந்தது. அனைவரும் காத்திருந்தோம்.

"மீதி எங்கடா?"

"அவ்ளோதான் மாமா. அந்தக் காலத்துல எதிரிப் படை வரதப் பாத்து ஊதினவன் தொண்டையில அம்பு பட்டுச்சாம். அவன் விட்ட இடத்துலயேதான் இன்னிக்கும் விடறாங்க."

"ஹொட்லா!" என்று தெருவே கூவிற்று. "மறந்துபோச்சுன்னு சொல்லேன்!" என்றார் ஒருவர். கிராக்கியார் தலைகுனிந்து நாகசுரத்தை உறையிலிட்டார்.

மூட்டைகளுக்குப் பின்னிருந்து அஞ்சலையின் குரல் எழுந்தது: "பொய் சொல்றவரா இருந்தா பாட்ட முடிச்சிருப்பாரே, அப்பா."

கடைக்காரர் கையிலிருந்த தராசைக் கீழே வைத்தார். பின்னர், "கல்யாணத்தன்னிக்கு வேற ஆளை ஊதச் சொல்லு. இவன் ஊதினா தாலி பாதியில நிக்கும்" என்றார்.

உப்புக்கோயிலைக் குறித்தும், எலும்பு எவ்விலங்கினுடையது என்பது குறித்தும் யான் பிழைபட எழுதியிருப்பின் அறிந்தோர் திருத்துக. அந்த இசையை மட்டும் எவரும் முடித்துவைக்க வேண்டா; அது நின்ற இடத்தில்தான் அவர் எனக்கு இன்னும் இருக்கிறார்.