புகைக்குண்டு என்று நினைத்துத்தான் போட்டேன்

எதிரி சுட்டுச் சாவதில் அவமானமே இல்லை. அது அவன் வேலை, செய்கிறான். கூட்டாளி பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க, நாம் தவழ்ந்து தவழ்ந்து சாகிறோமே, அதுதான் நல்ல மனிதனையும் கெடுத்துவிடும். கைப்பேசியில் நாலு பேர் அணியாகச் சேர்ந்து துப்பாக்கிச் சண்டை விளையாடிய யாரையும் கேட்டுப் பாருங்கள். எதிரி யாரென்று அவனுக்கு ஞாபகம் இருக்காது. தன்னைத் தூக்கிவிடாத கூட்டாளியை மட்டும் சாகும்வரை மறக்கமாட்டான்.

என் கூட்டாளியின் பெயர் பிரசாந்த். டிக்கோயாவுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், லயம் எனப்படும் வரிசை வீடுகளில், நாங்கள் மேட்டு லயம். எங்களுக்குக் கீழே பணிய லயத்தில் அவன் வீடு. அவன் நன்றாக விளையாடுவான். நான் அவனைவிட நன்றாக விளையாடுவேன். (இதை அவன் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அது அவன் குறை.) இருவரும் ஒரே அணியில் இருந்ததால், எங்களுக்கு எதிரிகளின் தேவையே இருக்கவில்லை.

முதலில் சின்னச் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. நான் கண்டுபிடித்த தூரநோக்கித் துப்பாக்கியை அவன் எடுத்துக்கொண்டான். நான் ஜீப்பை எடுத்துக்கொண்டு அவனை வெட்டவெளியில் விட்டுவிட்டு வந்தேன். அடுத்த ஆட்டத்தில் நான் ஒளிந்திருந்த வீட்டுக் கதவை அவன் வேண்டுமென்றே திறந்து வைத்தான். அதற்கடுத்ததில் அவனுக்குத் தேவையான மருந்துப் பெட்டியை, தேவையே இல்லாமல், அவன் கண்ணெதிரே நான் போட்டுக்கொண்டேன். மற்ற இரண்டு கூட்டாளிகளும் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு வேறு அணிக்குப் போய்விட்டார்கள்.

இதில் பிரச்சினை என்னவென்றால், பிரசாந்தின் அக்கா திலகாவை என் அண்ணன் சசிக்குப் பேசி முடித்திருந்தார்கள். 'பேசி முடித்திருந்தார்கள்' என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர்கள் இருவரும் ஹட்டன் பஸ்ஸில் போய்வந்து தாங்களே பேசி முடித்து, பிறகு இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்க மூன்று வருடம் பாடுபட்டிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பரிசம் போடுவதாக ஏற்பாடு.

அதற்கு முந்திய வாரம் ஒரு மாலை, குண்டு பட்டு நான் கீழே விழுந்தேன். அந்த விளையாட்டில் விழுந்தவன் உடனே சாகமாட்டான். கொஞ்ச நேரம் தவழ்வான். அதற்குள் கூட்டாளி வந்து தூக்கிவிட்டால் பிழைத்துக்கொள்வான். பிரசாந்த் வந்தான். என் பக்கத்தில் நின்றான். ஒரு பொத்தானை அழுத்தினால் ஆள் நடனம் ஆடுமே, அதை அழுத்தினான். நான் செத்து முடியும்வரை ஆடினான்.

காதில் இயர்போன் இருந்தால் நம் சத்தம் நமக்குத் தெரியாது. "தூக்குறதுக்குக் கை வளையாதாடா ஒனக்கு? ஒங்க குடும்பமே இப்புடித்தான்டா!" என்று நான் கத்தினேன். லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. பக்கத்துக் காம்பராவில் இருந்தவர் பிரசாந்தின் சொந்த அத்தை. நான் இயர்போனைக் கழற்றுவதற்குள் செய்தி பணிய லயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அவர்கள் பக்கம் கொதித்தார்கள். "பரிசம் போட முந்தியே குடும்பத்த இழுக்கிறானே, போட்ட பெறகு என்ன பேசுவான்?" நியாயமான கேள்விதான். ஆனால் என் அம்மா அதைவிட நியாயமாக ஒன்று வைத்திருந்தார்.

"அது வெளையாட்டும்மா," என்றான் அண்ணன்.

"வெளையாட்டுன்னு எனக்குத் தெரியாதா? வெளையாட்டுலயே விழுந்தவன தூக்காம ஆடுறானே, நெசத்துல என்ன செய்வான்? மேளம் வச்சு ஆடுவானா?"

புதன்கிழமை வரை இரண்டு வீடும் பேசவில்லை. அண்ணன் சாப்பிடவில்லை. ஒரு வார்த்தைகூட என்னைத் திட்டவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஹட்டனில் மின்சார வேலை செய்கிறவன். அன்றைக்கு வேலைக்கும் போகாமல் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து ஒரே வயரைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தான். எனக்குக் குற்றவுணர்ச்சி வந்தது. (பிரசாந்துக்கு என்னைவிட அதிகமாக வந்திருக்க வேண்டும். ஆடியது அவன்.)

எங்கள் தோட்டத்தில் எந்தச் சண்டையும் பொலிசுக்குப் போகாது, தலைவரிடம் போகும். தொழிற்சங்கத் தலைவர் முருகையா கோழிச் சண்டை, வேலிச் சண்டை, தண்ணீர்க் குழாய்ச் சண்டை எல்லாம் விசாரித்தவர். கைப்பேசிச் சண்டை அவருக்கும் புதிது. வியாழக்கிழமை பின்னேரம் சனசமூக மண்டபத்தில் விசாரணை வைத்தார். இடது பக்கம் எங்கள் சொந்தம், வலது பக்கம் அவர்கள் சொந்தம், நடுவில் நானும் பிரசாந்தும்.

நான் அவன் குற்றங்களை வரிசையாகச் சொன்னேன். அவன் என் குற்றங்களைச் சொன்னான். தலைவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"ஜீப்ப நீ எடுத்துக்கிட்டுப் போன. அதுல எத்தன சீட்டு இருந்திச்சு?"

"நாலுங்க."

"நாலு சீட்டு இருந்தும் அவன ஏத்தல. சரி. தம்பி பிரசாந்து, கதவத் தொறந்து வச்சியே, எதுக்கு?"

"காத்து வரட்டும்னுங்க."

மண்டபமே சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. "வாயால சொன்னா ரெண்டு பேரும் யோக்கியனுங்கதான். இங்கனயே வெளையாடிக் காட்டுங்க. ஒருத்தன ஒருத்தன் எப்புடிப் பாத்துக்கிறீங்கன்னு எல்லாரும் பாக்கட்டும். நல்லா இருந்தா நாளைக்குப் பரிசம். இல்லாட்டி யோசிக்க வேண்டியதுதான்," என்று தீர்ப்புச் சொன்னார்.

கிரிக்கெட் பார்ப்பதற்கென்று மண்டபத்தில் ஒரு பெரிய டிவி இருந்தது. என் கைப்பேசியை அதோடு இணைக்க வயர் தெரிந்தவன் ஒருவன்தான். ஆகவே, தன் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பதைக் காட்டப்போகும் வயரை அண்ணனே செருகினான். அது கழன்று கழன்று விழுந்ததால், கையால் அழுத்திப் பிடித்தபடி டிவிக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று.

முதல் ஆட்டம் தொடங்கியது. சொந்தங்கள் முன்னால் வாடா போடா என்று பேச முடியுமா?

"மச்சான், இந்தத் துப்பாக்கிய நீங்க எடுங்க."

"பரவால்லங்க மச்சான், நீங்க எடுங்க. என்கிட்ட அடிக்கிறதுக்குச் சட்டி இருக்கு."

"அது எப்புடிங்க? நீங்க மொதல்ல."

இரண்டு பேரும் எடுக்கவில்லை. மூன்றாவதாக வந்த ஒருவன் அதை எடுத்து இருவரையும் சுட்டுவிட்டுப் போனான். கூட்டத்துக்குச் சப்பென்று போய்விட்டது. "மரியாத எல்லாம் சரிதான்டா, கொஞ்சம் வெளையாடவும் செய்யுங்க," என்றார் பிரசாந்தின் அப்பா.

இரண்டாவது ஆட்டத்தில் விளையாடினோம். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை (பெருமைக்காகத்தான் சொல்கிறேன்), எங்கள் தோட்டத்தில் அப்படி ஓர் ஆட்டத்தை யாரும் பார்த்ததில்லை. நான் ஜீப்பை நிறுத்தி அவனை ஏற்றினேன். எங்கள் சொந்தம் கைதட்டியது. அவன் எனக்கு மருந்துப் பெட்டி கொடுத்தான். அவர்கள் சொந்தம் கைதட்டியது. அம்மா பக்கத்து ஆளிடம், "நல்ல பையன்தான், சேர்மானம் சரியில்ல," என்றார். சேர்மானம் என்றது என்னையா என்று கேட்க நேரமில்லை.

கடைசியில் எதிரணியில் இரண்டே பேர் மிச்சம். அப்போது பிரசாந்த் குண்டு பட்டு விழுந்தான். நான் அவனைத் தூக்கியாக வேண்டும். வெட்டவெளி. எதிரிகள் எதிரே பாறைக்குப் பின்னால். இப்படிப்பட்ட நேரத்தில் விழுந்தவன்மேல் புகைக்குண்டு போட்டு, அந்தப் புகைக்குள் போய்த் தூக்குவதுதான் முறை. பழக்கமில்லாதவன் பதறுவான். நான் பதறவில்லை.

"எல்லாரும் பாருங்க, இப்ப தூக்குறேன்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் குறி பார்த்து வீசினேன். அருமையான வீச்சு. சரியாகப் பிரசாந்தின் மடியில் போய் விழுந்தது.

அது புகைக்குண்டு இல்லை.

வெடித்த சத்தம் டிவியில் பெரிதாகக் கேட்டது. திரை நடுவில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "என்ன எழுதியிருக்கு?" என்று அண்ணனிடம் கேட்டார்.

அண்ணன் வயரை விடவில்லை. "எந் தம்பி... அவரக் கொன்னுட்டாருன்னு எழுதியிருக்குங்க," என்றான். எத்தனையோ தடவை தோற்றிருக்கிறேன், அப்படி ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. "பொகைன்னு நெனச்சுப் போட்டேங்க," என்று ஒவ்வொருவரையும் பார்த்துச் சொன்னேன். பிரசாந்தின் அத்தை, "இங்கன பொகையவே காணோமேப்பா," என்றார். வலது பக்கம் நாற்காலிகள் நகரத் தொடங்கின.

அப்போதுதான் திலகா எழுந்தார். அதுவரை வலது பக்கம் பெண்களோடு உட்கார்ந்திருந்தவர்.

"தலைவரே, ஒண்ணு கேக்கலாங்களா? நான் கட்டிக்கப் போறது இவரையா?" என்று என்னைக் காட்டினார்.

"இல்லம்மா."

"எந் தம்பியவும் கட்டப் போறதில்ல. அந்தா, வயரப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவரத்தான். ரெண்டு ஆட்டமும் முடியிற வரைக்கும் கைய எடுக்காமப் புடிச்சிருக்காரு. அவரு யாரையும் சாவடிக்கலையே?"

தலைவர் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். என் அம்மாதான் முதலில் எழுந்து, பிரசாந்தின் அம்மாவிடம் போய், "நாளைக்கு எத்தன மணிக்குங்க வரணும்?" என்று கேட்டார். அண்ணன் அப்போதும் வயரை விடவில்லை. திலகா போய், "போதும், விடுங்க," என்று சொன்ன பிறகுதான் விட்டான்.

மறுநாள் பரிசம் நடந்தது. தை மாதம் கோயிலில் கல்யாணமும் நடந்தது. தாலி கட்டும் நேரம் எல்லார் கையிலும் அட்சதை. நானும் ஒரு கை அள்ளி, மணமக்கள்மேல் போடக் கையை ஓங்கினேன். போட்டோக்காரர் சரியாக அந்த நொடியில் அமுக்கிவிட்டார்.

அந்தப் படம் இப்போது அண்ணன் வீட்டு முன் காம்பராவில் பெரிதாகத் தொங்குகிறது. அண்ணன் தாலி கட்டுகிறான், அண்ணி தலை குனிந்திருக்கிறார், சுற்றிலும் எல்லாரும் சிரிக்கிறார்கள். அண்ணிக்குப் பின்னால் பட்டு வேட்டி கட்டிய பிரசாந்த் மட்டும், இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு தரையோடு தரையாகக் குந்தியிருக்கிறான்.

வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், "யாருங்க அது, சாமி வந்திருச்சா?" என்று கேட்பார்கள். அண்ணி தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வார்:

"இல்லைங்க, எங்க கொழுந்தனாரு அரிசி போட்டாரு."