கேப்டன் இல்லாத பத்துப் பேர்

டோஸ்டரைக் கையில் எடுத்த பிறகுதான் வெண்டலுக்கு உறைத்தது, வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன. கீழே வைக்கவும் முடியவில்லை. மார்லிஸ் பார்த்துவிட்டாள்.

மார்லிஸ் அவருடைய பழைய நண்பர் லைமனின் மனைவி. போன மாதம் லைமன் இறந்துபோனார். மகள் வீட்டுக்குக் குடிபோகும் முன் மார்லிஸ் வீட்டுச் சாமான்களைப் பரப்பி வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து அந்தச் சிற்றூரில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள்.

வெண்டல் வந்தது டோஸ்டருக்காக இல்லை, ஒரே ஒரு படத்துக்காக. கல்லூரிகளில் ஃபுட்பால் தொடங்கிய காலத்துப் புகைப்படங்கள் என்றால் அவருக்கும் லைமனுக்கும் பைத்தியம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இருவரும் ஒரு பழைய வீட்டுப் பரணில் உள்ளூர்க் கல்லூரி அணியைக் கண்டெடுத்தார்கள். ஆளுக்கொரு படமாகப் பதினோரு படங்கள். கேப்டன் மட்டும் மடியில் பந்தை வைத்திருந்தான். பந்தின் மேல் வெள்ளைச் சாயத்தில் 93 என்று வருஷம், அதாவது 1893.

பதினொன்றை எப்படிப் பங்கு போடுவது? காசு சுண்டினார்கள். லைமன் ஜெயித்தார். "எனக்குக் கேப்டன் போதும். மிச்சம் பத்தும் நீ வச்சுக்கோ" என்றார். பெருந்தன்மைதான். ஆனால் கேப்டன் இல்லாத பத்து, தலையில்லாத முண்டம் இல்லையா? வெண்டல் கேட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தார். அதோடு பேச்சு நின்றது. இருந்ததோ அடுத்த தெருவில்.

சாவுக்கும் போகவில்லை. கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு காரில் ஏறியவர், படத்துக்காகத்தான் வந்திருக்கிறான் என்று ஊர் சொல்லுமே என்று இறங்கிவிட்டார். இன்றும் அதே பயம். அதனால்தான் டோஸ்டர்.

"அவர் ஞாபகமா வச்சுக்கவா எடுக்கிறீங்க?" என்று மார்லிஸ் கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லித் தொலைத்தார். அவள் உருகிப்போய், இடுப்புவரை வரும் லைமனின் மீன்பிடி பூட்ஸையும் கொண்டுவந்து கொடுத்தாள். மறுத்தால் துக்கம் பொய்யாகிவிடும். வாங்கிக்கொண்டார்.

சுவரில் மாட்டியிருந்தது ஏதாவது உண்டா என்று பட்டும் படாமலும் விசாரித்தார். பாடம்பண்ணிய மான் தலை வந்தது. பழைய காலத்துப் பொருளாக இருந்தால் நல்லது என்றார். அக்கார்டியன் வாத்தியம் வந்தது. விளையாட்டு சம்பந்தமாக, என்று இழுத்தார். கட்டைகளை உருட்டி வீழ்த்தும் ஆறு கிலோ பௌலிங் பந்து வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றையும் கொடுக்கும்போது மார்லிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு உள்ளே போய் இன்னொன்றைத் தூக்கிவந்தாள்.

கணப்புக்கு மேலே ஓர் ஆணியும், ஏதோ படம் மாட்டியிருந்த வெளிறிய சதுரமும் மட்டுமே இருந்தன. யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று வெண்டல் முடிவுகட்டினார்.

பக்கத்து வீட்டு வெர்னாதான் வாசலில் காசு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தவள். பந்தைக் கார்வரைக்கும் தூக்கிவந்தாள். முன் சீட்டில் மான் தலை, பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் வெண்டலுக்குச் சிரிப்பு வந்தது. லைமன் இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார் என்று தோன்றியது.

"ஒரு தடவை வந்து பாத்திருக்கணும், வெர்னா. போயும் போயும் ஒரு படத்துக்காக அவன்கிட்டப் பேசாம இருந்துட்டேன்" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்தக் கேப்டன் படத்தை யாரு வாங்கினது?"

வெர்னா பந்தை மெதுவாகப் பின் சீட்டில் வைத்தாள்.

"மார்லிஸ் இன்னும் சொல்லலையா? 'என் சாவுக்கு வெண்டல் வந்தான்னா அவன் கையில குடு, வரலேன்னா என்னோடவே பெட்டியில வச்சுடு'ன்னு லைமன் சொல்லிட்டுப் போயிருந்தான். சர்ச்சில பெட்டிய மூட விடாம முக்கால் மணி நேரம் வாசலையே பாத்துக்கிட்டு நின்னா அவ."